காப்பும் களிம்பும்

மாசி மாதத்தில் திம்புள்ளப் பள்ளத்தாக்கின் காற்றுக்கு ஒரு தனிச் சுபாவம் உண்டு. தென்மேற்குப் பருவமழையின் ஈரமெல்லாம் வற்றி, இரவில் பனி கடித்து, பகலில் வெயில் காய்ந்து, அந்தக் காய்ச்சலிலே கொழுந்து தன் சாற்றைச் சுருக்கி மணத்தைப் பெருக்கிக்கொள்ளும் தை, மாசி, பங்குனி ஆகிய மாதங்களில்தான் இவ்வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் தம் வருஷத்தின் உயர்ந்த தூளை எதிர்பார்க்கின்றன. அதே வறண்ட காற்றை நம்பித்தான் வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கிறவர்களும் பெரிய வேலைகளை இம்மாதங்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். மூடுபனியில் அடித்த வர்ணம் உலர்வதற்கு முன் ஈரத்தை இழுத்து வெளுத்துப்போகும் என்பது அவர்கள் கைகண்ட அனுபவம்.

அப்படியொரு மாசி முற்பகலில், தலவாக்கலையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியோரத்துத் தகரக் கூரைக் கராஜ் ஒன்றிலே, என்னிடம் முன்னொரு காலத்தில் படித்த இளைஞன் ஒருவன், தன் தகப்பனார் விட்டுச்சென்ற ஒஸ்டின் ஏ 40 காரின் கண்ணாடிகளுக்கும் விளக்குகளுக்கும் செய்தித்தாள் போர்த்தி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் தகப்பனார் அந்தக் காரை முப்பது வருஷத்துக்கு மேல் ஹயருக்கு ஓட்டியவர். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்களையும், பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைகளையும், கொழும்புக்கு வேலை தேடிப் புறப்படும் பையன்களையும், லிந்துலை, அக்கரப்பத்தனைத் தோட்டத்துப் பாதைகளின் கல்லிலும் குழியிலும் நோகாமல் ஏற்றி இறக்கியவர். காரின் நிறம் இளநீலம். கல் தெறித்துப் பெயர்ந்த இடங்களிலும் துரு தலைகாட்டிய ஓரங்களிலும், கடையில் வாங்கிய சிறு எனாமல் டப்பாவைக் கொண்டு அவர் தம் கையாலேயே தூரிகை பிடித்துத் தொட்டுவைத்த திட்டுகள் பல உண்டு. சாய்ந்த வெயில் படும்போது அந்தத் தூரிகைக் கோடுகள், வயதான கையின் நரம்புகளைப்போலத் தெரியும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கிற்று என்பது இந்நாட்டில் யாவரும் அறிந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருஷங்களில், ஓடாமல் மூலையில் கிடந்த பழைய வாகனங்களுக்கெல்லாம் ஒரு புனர்ஜன்மம் வாய்த்தது. இந்தப் பையனும் தகப்பனாரின் காரைப் புதுப்பித்துக் கல்யாண ஊர்வலங்களுக்கு விடலாம் என்று எண்ணினான். அதற்கு மினுக்கமில்லாத 'மெட்' கறுப்பு நிறம் எடுப்பாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் கறுப்பு அடிப்பதென்றால் பழைய நீலத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். தகப்பனாரின் தூரிகைக் கோடுகளைத் தேய்ப்பதற்கு அவன் கை எழவில்லை. இந்தச் சங்கடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெயின்ட்காரர்தான் வழி சொன்னார்: "தம்பி, உரிச்சு எடுக்கிற பெயின்ட் ஒண்ணு வந்திருக்கு. பிடிக்கலேன்னா வாழைத்தோல் மாதிரி உரிச்சுப் போட்டுரலாம். உள்ள இருக்கிறது இருந்தபடி இருக்கும்."

இந்தப் பூச்சின் தத்துவம் எளியது. செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்துப் பனித்துளிபோல் விசிறி அடிக்கிறார்கள். கரைப்பான் ஆவியாகிப் போய்விட, ரப்பர் மாத்திரம் ஒரு தோலாகப் படிந்து நிற்கிறது. சாதாரண வர்ணம் அடித்தளத்தைக் கவ்விக்கொண்டு அதனோடு ஒன்றாகிவிட, இதுவோ தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள், முதல் நாள் வெட்டிய காயத்தின்மேல் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் பற்றி இழுத்தால், அது நீள நாடாவாக மரத்தை விட்டுக் கழன்று வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; 1876ல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்து மரமானபின் அந்தக் காட்சி இந்நாட்டுக்குப் பழக்கமானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1972ல் தோன்றிய 'பிளாஸ்டி டிப்' என்னும் திரவ ரப்பர், குறடு முதலிய கருவிகளின் கைப்பிடிகளைத் தோய்த்தெடுப்பதற்கென்றே முதலில் உண்டாக்கப்பட்டது. அது பின்னர் கார்களின் மேல் ஏறிற்று. அதற்கும் முன்னே, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கக் கடற்படையினர் ஓய்வு கொடுத்து நிறுத்திய கப்பல்களின் பீரங்கிகளுக்குப் பிளாஸ்டிக் படலம் விசிறி, பட்டுப்பூச்சிக் கூடுபோல மூடிவைத்தார்கள். மறுபடி தேவைப்படும் நாளில் உரித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

முதல் கை பூசியபோது நீலம் மங்கிற்று. மூன்றாம் கையில் மறைந்தது. ஆறாம் கைக்குப்பின் கார் இரவைப்போல் நின்றது. அந்நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து படியிறங்கி வந்த தாயார், முந்தானையைச் சேர்த்துப் பிடித்தபடி காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, மகனிடம் கேட்டார்:

"ஏன் ராசா, அப்பா அடிச்ச நீலம் உள்ளதானே இருக்கு?"

"உள்ளதாம்மா இருக்கு. வேணுங்கிறப்ப உரிச்சா அப்படியே வந்துரும்."

அந்த அம்மையார் சற்று நேரம் பேசாமலிருந்து, என் பக்கம் திரும்பினார். "மாஸ்டரய்யா, கண்ணுக்குத் தெரியாதத இருக்குன்னு எப்பிடிங்க நம்புறது?"

வாழ்நாளெல்லாம் கொழுந்துக்கூடை சுமந்த ஒருவர் ஈரம் உலராத வர்ணத்தின் முன் நின்று கேட்ட இந்தக் கேள்வி, நம் தர்சன சாஸ்திரங்கள் அனைத்தும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்வியேயாகும். அதற்கு அன்று நான் தகுந்த விடை சொல்லவில்லை. இக்கட்டுரை, தாமதமாக வந்த என் விடை.

வஸ்துவின் நிறம் எது, அதன்மேல் ஏறிய நிறம் எது என்று பிரிக்கப் புகுந்தால் முதல் அடியிலேயே கால் தடுமாறுகிறது. அந்த இளநீலத்தை நாங்கள் எல்லோரும் காரின் 'சொந்த நிறம்' என்று பேசிக்கொண்டோம். ஆனால் இரும்புத் தகட்டுக்கு நீலம் சொந்தமாகுமா? தொழிற்சாலையில் பிறந்த அன்றே ஒவ்வொரு காரும் துரு தடுக்கும் அடிப்பூச்சுக்குள்ளும் அதன்மேல் வர்ணத்துக்குள்ளும் புகுந்துதான் வெளியே வருகிறது. ஹென்றி ஃபோர்ட் 1914 முதல் 1925 வரை தம் 'மாடல் டி' கார்களைக் கறுப்பிலே மாத்திரம் விற்றார். அந்தக் கறுப்பும் சௌகரியம் கருதி ஏற்றிய பூச்சே தவிர இரும்பின் இயல்பு ஆகாது. பூச்சே இல்லாத தகட்டைத் திம்புள்ள மழையில் நிறுத்தினால் சில நாட்களில் அது காட்டும் நிறம் துருவின் செம்மை. அதையும் அதன் சொரூபம் என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. பௌத்தர்களின் மிலிந்த பஞ்ஹத்தில், தேரேறி வந்த யவன அரசனிடம் நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, 'தேர்' என்பது இவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரேயன்றி வேறு சாரம் இல்லை என்று நிறுவுகிறார். நம்மைச் சூழ வாழும் பௌத்த அயலவர்கள் இந்தக் கதையைப் பன்சலையில் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரிடம் அந்தத் தாயார் கேட்டிருந்தால், உள்ளே இருக்கும் நீலமும் ஒரு பெயரே அம்மா என்ற விடை கிடைத்திருக்கக்கூடும். அந்த விடையில் அறிவின் தீட்சண்யம் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் அந்தக் காரில் போய்வந்த ஒரு மனிதரின் கைத்தடயத்தைத் தேடி வந்தவருக்கு அது போதுமா என்று எனக்குச் சந்தேகம்.

வேதாந்திகள் ஸ்படிகத்தை உதாரணம் காட்டுவார்கள். நிறமற்ற பளிங்கின் அருகே செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவந்து தோன்றும்; பூவை எடுத்தால் சிவப்புப் போய்விடும்; பளிங்கு ஒருபோதும் சிவக்கவில்லை. ஆத்மாவின்மேல் காணும் சுகதுக்கங்கள் எல்லாம் இத்தகைய உபாதியால் வந்த தோற்றம், அத்தியாசம். இந்தப் பார்வையில் உலகம் முழுவதும் உரிக்கத்தக்க வர்ணமே. உரிக்கக்கூட வேண்டியதில்லை, அது ஒட்டவேயில்லை என்று அறிந்தால் போதும். சைவ சித்தாந்திகளும் பளிங்கை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் அதில் கண்டது வேறு. உயிர் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்னும் இயல்புடையது, எதைச் சார்கிறதோ அதன் நிறமாகவே நிற்பது என்று அவர்கள் கூறினார்கள். அதோடு நில்லாமல், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் தமிழுக்குத் தந்தபின் வளர்ந்த அந்த மரபு, பளிங்கைவிடக் கடுமையான மற்றொரு உவமையைத் தன் நடுவில் வைத்துக்கொண்டது. அது செம்பும் களிம்பும். செம்பு தோன்றிய அன்றே களிம்பும் அதில் உண்டு. யாரோ மேலே பூசியதன்று. எவ்வளவு புளி போட்டுத் துலக்கினாலும் மறுநாள் அது மறுபடி உள்ளிருந்து எழும்பும். ரசகுளிகை தீண்டிச் செம்பு பொன்னாகும்போதுதான் களிம்பு தீர்கிறது. அதுபோலத் திருவருள் தீண்டினாலன்றி ஆணவ மலம் நீங்காது.

இந்த இரண்டு உவமைகளுக்கும் இடையில் எத்தனையோ வாதங்கள் நடந்திருக்கின்றன. நான் பிறப்பாலும் பழக்கத்தாலும் சித்தாந்தத்தின் பக்கம் சாய்ந்தவன். மனிதனுடைய குறையெல்லாம் வெறும் தோற்றம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தோட்டத்து வாழ்க்கையில் பொறாமையையும், குடியையும், ஜாதி பார்க்கிற மனத்தையும் அருகிலிருந்து பார்த்தவன், இவை அருகில் வைத்த பூவின் நிழல் என்று எப்படிச் சொல்வது? ஆயினும் களிம்பு என்ற ஒரு சொல்லைக் கொண்டு மட்டும் அந்தத் தாயாரின் கேள்விக்கு விடை காண இயலாது. ஏனெனில் மேலே ஏறிய எல்லாமே களிம்பு ஆகிவிடாது. மனிதனைக் கெடுக்காமல் காத்து நிற்கும் பூச்சு ஒன்று உண்டு; அதற்குத் தமிழிலே ஒரு பழம்பெயரும் உண்டு. அதுதான் காப்பு.

இச்சொல்லை நாம் எத்தனை இடங்களில் புழங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். கைவளை காப்பு, குழந்தைக்குத் திருஷ்டி படாமல் கட்டும் கயிறு காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடும் வணக்கச் செய்யுள் காப்பு, நெற்றியிலிடும் திருநீறு காப்பு, திருவிழாவுக்கு முன் விரதம் பூண்டு கட்டிக்கொள்வது காப்பு, சுவாமியின் திருமேனி முழுதும் சந்தனத்தை அப்பி மூடினால் அதுவும் காப்பு. இத்தனைக்கும் பொதுவான லட்சணம் இரண்டு: அது காக்கிறது; கழற்றுவதற்கென்று ஒரு நாளும் அதற்கு உண்டு.

ராமநாதபுரத்துச் சீமையில் உத்தரகோசமங்கை என்னும் தலத்தில் மரகத நடராஜர் எழுந்தருளியிருக்கிறார். வருஷம் முழுவதும் அவர் திருமேனி சந்தனக் காப்புக்குள்ளே மறைந்திருக்கும். மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் அந்தச் சந்தனம் களையப்பட்டு, பச்சை ஒளியோடு அவர் தரிசனம் தந்து, அபிஷேகங்கள் நடந்து முடிந்தபின் மறுபடி புதுச் சந்தனத்துக்குள் போய்விடுவார். விசாகப்பட்டினத்துக்கு அருகே சிம்மாசலத்தில் வராக நரசிம்மர் அக்ஷய திரிதியை ஒரு நாள் மட்டுமே சந்தனம் நீங்கி நிஜரூபம் காட்டுகிறார். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசமின்றிக் காட்சி தருகிறார். மற்ற நாட்களில் இத்தலங்களுக்குப் போய்த் தொழுதவர்கள் ஏமாந்து திரும்பினார்கள் என்று எந்தப் பக்தனும் சொல்லமாட்டான். சந்தனத்தைத் தொழுதவன் உள்ளேயிருக்கும் மரகதத்தையே தொழுதான். களையும் நாள் ஒன்று குறிக்கப்பட்டிருப்பதே, மற்ற முந்நூற்றறுபத்து நான்கு நாளும் அது உள்ளே இருக்கிறது என்பதற்குச் சாட்சி. களைந்த சந்தனத்தை வீசி எறிவதுமில்லை, அது பிரசாதமாகிறது. கடவுளின்மேல் இருந்து, அவரை மறைத்து, பின் அவரிடமிருந்து கழன்று வந்த அந்தப் பூச்சைத்தான் வயல்காட்டு ஜனங்கள் இலையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கார் கறுப்பான அதே மாசி மாதத்தில்தான் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. திருச்சி, தஞ்சாவூர், சேலத்துக் கிராமங்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் பின் தேயிலைக் காலத்திலும் வந்த நம் முன்னோர்கள் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்த அந்தக் கூத்து, அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவதோடு தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்தோடு உச்சம் கொள்ளும். ரதியாகவும் மதனாகவும் ஆடுகிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு விரதமிருக்கிறார்கள். ரதி வேஷமும் ஆண்பிள்ளையே ஏற்பது வழக்கம். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலை மரத்தைத் தறிக்கும் அந்தக் கை, இரவில் அரிதாரமும் வளையலும் பூண்டதும், லயத்துக் கிழவிகள் கையெடுத்துக் கும்பிடும் தேவியின் கையாகிவிடுகிறது. சிவனுடைய கண்ணில் எழுந்த நெருப்பால் மதன் எரிந்து உருவற்ற அனங்கனாக, ரதி மண்ணில் புரண்டு ஒப்பாரி வைக்கும் இரவில், அங்கே அழாத பெண்ணை நான் கண்டதில்லை. ஒப்பாரி சொல்லும் அந்த ஆணின் கண்ணீர் பொய்யா? நான் சிறுவனாயிருந்தபோது, கூத்து முடிந்த ஒரு விடியற்காலையில், பீலிக்கரையில் குந்தியிருந்து தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். துணியில் மஞ்சளும் சிவப்பும் குழம்பி வந்தன. அவற்றின் அடியிலிருந்து எங்கள் அடுத்த காம்பிராக்காரரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு ஏழரை மணிக்கெல்லாம் அவர் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து நின்றார்.

அலங்காரம் என்ற சொல்லைப்பற்றி ஆனந்த குமாரசுவாமி எழுதியது இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. 1877ல் கொழும்பிலே பிறந்து, பூகற்பவியல் கற்று, இந்த நாட்டின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராயிருந்து, மலைநாட்டுப் பாறைகளைத் தேடிப் போன வழியில் அங்கே வாழ்ந்த கைவினைஞர்களைக் கண்டு மனம் பறிகொடுத்து, 1908ல் மத்தியகாலச் சிங்களக் கலையைப்பற்றிப் பெருநூல் எழுதிய அவர், 1939ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஆபரணம், அலங்காரம் என்னும் சொற்கள் ஆதியில் மிகையான ஒப்பனையைக் குறித்தவை அல்ல, ஒரு பொருள் தன் காரியத்தைச் செய்வதற்கு வேண்டிய நிறைவையே குறித்தவை என்று சொல்லாராய்ச்சியால் காட்டினார். 'அலம்' என்றால் போதும். அலங்காரம் என்றால் போதுமாக்குதல். அரசனுக்கு முடியும், வீரனுக்கு வாளும், இவ்வர்த்தத்திலேதான் அலங்காரம். இப்படிப் பார்த்தால் காருக்குப் பூச்சு அலங்காரமே. அது இன்றிக் கார் நிறைவு பெறாது, துருவேறிச் சாகும். பருவத்துக்கொரு நிறமாக மனம்போனபடி மாற்றிக்கொள்வதை அவர் அலங்காரம் என்று ஏற்றிருப்பாரா என்பது வேறு. என் அபிப்பிராயத்தில் அது பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. கண்ணுக்கு ஒரு களிப்பு, அவ்வளவே. ஆனால் தகப்பனின் தூரிகைக் கோடுகளைத் தேய்க்க மாட்டாமல் அவற்றின்மேல் ஒரு தோலைப் போர்த்தியவன் செய்தது, தான் அறியாமலே, காப்புச் சாத்தும் செயல்.

பூச்சை வஞ்சகம் என்று கண்டிக்கிறவர்களுக்கு நான் இவ்வளவு சொன்னேன். பூச்சினால் வந்த துக்கமும் எனக்குத் தெரியாததன்று. எங்கள் பிள்ளைகள் கொழும்பிலே கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்குப் போய், "தம்பி எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், பிறந்த தோட்டத்தின் பெயரை விழுங்கிக்கொண்டு "நுவரெலியா" என்றோ "ஹட்டன்" என்றோ சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போது என் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் எழுவதில்லை. அவர்கள் தம்மேல் பூசிக்கொண்டதற்கு முன்னே, பிறர் அவர்கள்மேல் பூசியவை எத்தனை! 1948ம் வருஷத்து 18ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மண்ணில் பிறந்து இதில் வியர்வை சிந்திய லட்சக்கணக்கானோரை ஒரே எழுத்தில் நாடற்றவராக்கிற்று. 1964ல் இரு தேசத்துப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேர் பிறகு என்று பங்கு பிரித்தது. நாடற்றவராய் எஞ்சியவர்களுக்கு இந்நாட்டுப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003ல்தான் வந்தது. மனிதன் அவனாகவே இருக்க, அவன்மேல் எழுதிய பெயர் மட்டும் நிறம் மாறி நிறம் மாறி வந்தது. காரின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கத்தோடு நிறத்தையும் எழுதி வைக்கிறார்கள், நிறமும் அடையாளமாம். எங்கள் மக்களுக்கோ நிறம் ஒன்றே அடையாளம் என்றாயிருந்த காலம் நெடியது. அப்படி வாழ்ந்த ஒரு ஜனத்தின் பிள்ளை, தன் கையால் தான் விரும்பிய ஒரு நிறத்தைத் தன்மேல் இட்டுக்கொள்ள ஆசைப்பட்டால், அதைப் பொய் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பெயின்ட்காரர் வேலைக்கிடையே சொன்ன ஒரு விஷயம் என் மனத்தை விட்டு இன்றுவரை போகவில்லை. இந்தப் பூச்சைச் சிக்கனம் பண்ணி இரண்டு கை, மூன்று கை என்று மெல்லிசாக அடித்தால், உரிக்கும்போது அது துணுக்குத் துணுக்காகக் கிழிந்து, நகத்தாலும் துணியாலும் சுரண்டும்படி வைத்துவிடுமாம். ஐந்தாறு கை கனமாக அடித்தால்தான் ஒரே தோலாகச் சுகமாய்க் கழன்று வருமாம். அன்றியும் அதற்கு ஒரு தவணை உண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் வெயிலில் விட்டுவிட்டால் ரப்பர் இறுகி நொறுங்கும் தன்மை அடைந்து, உரிக்க வராமல் அடித்தளத்தோடு மல்லுக்கு நிற்குமாம்.

இதைக் கேட்டபோது எனக்குப் பீலிக்கரையில் முகம் துடைத்தவர் ஞாபகம் வந்தது. கனமாக, எல்லோரும் அறிய, நாள் குறித்துப் போட்ட வேஷம் அவரைவிட்டு ஒரு விடியற்காலைக்குள் கழன்றது. மெல்லிசாக, யாரும் அறியாதபடி, நாளும் குறிக்காமல் போட்டுக்கொள்கிற வேஷங்களே கழலுவதில்லை: ஊர்ப்பெயரை விழுங்குகிற அந்தச் சிறு பொய், தோட்டத்திலிருந்து கடிதம் வந்தால் அறைத்தோழனுக்குக் காட்டாமல் மடித்து வைக்கிற அந்தச் சிறு கூச்சம், உறவினர் தேடி வந்தால் கடைவாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிற அந்த அவசரம். ஒவ்வொன்றும் ஒரு கை பூச்சு. ஆறாவது கை ஒருபோதும் விழாத பூச்சு. சாஸ்திரகாரர்கள் வாசனை என்றது இதைத்தான் போலும். சித்தாந்தி இங்கே குறுக்கிட்டு, களிம்பு அநாதியானது, நேற்றுப் பூசியது இன்று களிம்பாக மாறாது என்பார். அவர் சொல்வது நியாயம். ஆனால் பூச்சைக் கழலவிடாமல் பற்றிக்கொள்கிறதே ஒன்று, 'இதுவே நான்' என்று அதைக் கவ்விப் பிடிக்கிறதே ஒன்று, அந்தப் பிடிப்பு உள்ளே நெடுங்காலமாக இருந்ததாகத்தானே இருக்க வேண்டும்? காப்புக்கு நாள் குறித்த நம் பெரியோர்கள், இந்தப் பிடிப்பு விழித்துக்கொள்வதற்கு முன்னே களைந்துவிட வேண்டும் என்று அறிந்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் தை மாதத்தில் அந்த இளைஞன் விடுமுறையில் வந்து என்னைக் கூப்பிட்டான். தகப்பனாரின் திதி நெருங்கிவிட்டது. அதற்குள் நீலத்தை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று தாயார் ஆசைப்படுகிறார் என்றான். லயத்து வாசலில் கார் நின்றது. இரவுப் பனியில் தோல் விறைத்துப்போயிருந்ததால், குளிரில் இழுத்தால் கிழியும் என்று, மலைமுகட்டைத் தாண்டி வெயில் வரும்வரை காத்திருந்தோம். பொனட்டின்மேல் கை வைத்துப் பார்த்துச் சூடு ஏறியதும், அதன் ஓரத்தில் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்துத் தாழ்வாக, மெல்ல, பின்னோக்கி இழுத்தான். பொனட்டின் கறுப்பு முழுவதும் சிறு ஓசையோடு ஒரே தோலாக எழுந்து வந்தது; அதன் அடியிலிருந்து அந்த இளநீலம், ஒரு வருஷத்து வெயிலும் படாமல், நான் கண்டதைவிடப் புதிதாக வெளிப்பட்டது. கூடி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். தாயார் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதவுப் பக்கம் அப்படி எளிதாக இல்லை. அடிவிளிம்பில் பூச்சு மெல்லிசாக விழுந்திருந்தபடியால் துணுக்குகளாகக் கிழிந்தது. அவன் பொறுமையாகத் துணியால் உருட்டி உருட்டி எடுத்தான். பின்சக்கரத்துக்கு மேலே, தகப்பனார் கையால் தொட்டுவைத்த பெரிய திட்டு ஒன்று இருந்த இடத்தில், தோலை இழுத்தபோது ஓசை வேறாகக் கேட்டது. அவன் சட்டென்று நிறுத்தினான், அதற்குள் ஆகிவிட்டது. கீழே தேய்த்துப் பிடிப்புக் கொடுக்காமல் பூசிய அந்த எனாமல், கறுப்புத் தோலோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்துவிட்டது. அது பெயர்ந்த இடத்தில் நீலம் இல்லை, கரும்பச்சை தெரிந்தது. அந்தக் கார் அவர் கைக்கு வருவதற்கு முன்னே யாரோ எப்போதோ அடித்த பச்சை. வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "உள்ள இருக்கிறது இருந்தபடி இருக்கும்னு சொன்னாங்களே சேர்" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

தாயார் அவன் கையிலிருந்து அந்தத் தோலை வாங்கிப் புரட்டினார். கறுப்பின் மறுபுறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, நீலம் படிந்திருந்தது. தூரிகைக் கோடுகள் அதிலே இருந்தன. இத்தனை காலம் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இப்போது வெளியே தெரிந்தது. அவர் அதை வெயிலில் சாய்த்துப் பிடித்து விரலால் ஒரு முறை தடவினார். பிறகு நீலத்தின்மேல் நீலம் மடங்கி உரசாதபடி இடையில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து மடித்து, காம்பிராவுக்குள்ளே போய், தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ராசா, அந்தப் பச்சைய அப்படியே விட்டுரு" என்று உள்ளேயிருந்து சொன்னார். "அதுக்கு மேல ஒண்ணும் அடிக்காத."